ஏழு நிமிடம் ஐந்து வினாடி

திருகோணமலை
28.05.2025

மதிப்புக்குரிய அம்ரா ரீச்சருக்கு,

இதைத் தொலைபேசியில் கேட்க எனக்கு விருப்பமில்லை. உங்கள் குரலைக் கேட்டால் பாதியில் இளகிவிடுவேன். அதனால் மின்னஞ்சல் எழுதுகிறேன். நீங்களும் எழுத்திலேயே பதில் தாருங்கள். என் கணினி அதை எனக்கு வாசித்துக் காட்டும். அதன் குரல் யாருக்கும் பரிந்து பேசாது.

நேற்று தம்பி ஜக்சன் இந்த வருட அரை மரதனுக்கு என்னைப் பதிவு செய்தான். 'பார்வையற்ற ஓட்டக்காரரின் வழிகாட்டி' என்ற இடத்தில் உங்கள் பெயரையும் போட்டான். பிறகு சும்மா போன வருட முடிவுகளைத் திறந்து பார்த்திருக்கிறான். சப்பாத்தில் கட்டியிருந்த மின்னணுச் சில்லு ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை நேரம் பதிந்திருக்கிறதாம். அவன் வாசித்தான். ஐந்தாவதில் முப்பத்தேழு நிமிடம் இருபத்தெட்டு வினாடி. பத்தாவதில் ஒரு மணி பதினைந்து நிமிடம் இரண்டு வினாடி.

"திரும்ப வாசி" என்றேன். திரும்பவும் அதையே வாசித்தான்.

பத்தாவது கிலோமீட்டரில் நீங்கள் எனக்குச் சொன்னது என்ன? "ஒரு மணி பத்து ஐம்பது, அக்கா. நல்லாப் போகுது, இப்புடியே வாங்க." பதினான்கு வருடமாக அலுவலகத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுப்பவள் நான். ஒரு தடவை கேட்ட இலக்கம் என் தலையை விட்டுப் போகாது.

இரண்டரை மணிக்குள் முடிப்பதென்று எங்கள் வீட்டு மேசையில் இருந்து திட்டம் போட்டோம். கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் ஐந்து வினாடி. ஓட்டத்தில் பதினாறாவது வரைக்கும் நீங்கள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் "ஏழு ஐந்து" என்று கூவிக்கொண்டே வந்தீர்கள். உண்மையில் முதலிலிருந்து கடைசி வரைக்கும் ஏழரைதான் ஓடியிருக்கிறோம். பதினாறாவது கழிந்ததும் "அக்கா, உங்கட கால் விழுந்திட்டு" என்றீர்கள். இரண்டு மணி முப்பத்தெட்டில் முடித்தபோது, கடைசி ஐந்து கிலோமீட்டரில் நான் தளர்ந்துபோனதால்தான் எல்லாம் கெட்டது என்று என் தோளில் தட்டி ஆறுதல் சொன்னீர்கள்.

நான் நம்பினேன். ஒரு வருடமாக அந்தக் கடைசி ஐந்து கிலோமீட்டருக்காகவே பயிற்சி எடுத்தேன். சனிக்கிழமை தோறும் உவர்மலை ஏற்றத்தில் நாலு தடவை ஏறி இறங்கினேன். இரத்தம் சோதித்தேன். மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கினேன். இல்லாத நோய்க்கு மருந்து!

போனை இடுப்பில் கட்டுகிறேன், அது நேரம் சொல்லும் என்று நான் சொன்னபோது, "ரெண்டு குரல் கேட்டாக் குழம்பிடுவீங்க, நான் சொல்றன்" என்றது யார்?

ஏன் அப்படிச் செய்தீர்கள்? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும்.

பா. ஜெனிதா


புத்தளம்
30.05.2025

அன்பின் ஜெனிதா அக்கா,

மூன்று வருடமாக என்னை 'நீ' என்றும் 'எடியே' என்றும் கூப்பிட்ட நீங்கள் 'நீங்கள்' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும், பாட இடைவேளை முடிந்ததுகூடத் தெரியாமல் ஆசிரியர் அறையில் இருந்துவிட்டேன்.

ஓம். நேரத்தை மாற்றித்தான் சொன்னேன். இப்போது அதை மறைக்கவில்லை.

ஆனால் அன்றைக்கு வீதி எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது அக்கா. உப்புவெளியில் குழாய் பதிப்பதற்காக ஓரமெல்லாம் கிண்டிப் போட்டிருந்தார்கள். கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. சாம்பல்தீவுப் பாலத்தடியில் ஒரு ஆள் மயங்கிக் கிடந்தார், நாங்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனோம். அதையும் உங்களிடம் சொல்லவில்லை. புறப்பட முதல் உங்கள் அம்மா என் கையைப் பிடித்து, "பிள்ளையைப் பத்திரமாக் கொண்டு வந்து சேர்த்துப் போடு மகள்" என்று சொன்னவ. உங்கள் கையில் கட்டியிருந்த கயிற்றின் மறுமுனை என் கையில் இருந்தது. நீங்கள் விழுந்திருந்தால் ஊர் யாரைக் கேட்டிருக்கும்?

உண்மையைச் சொன்னால் நீங்கள் இழுப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கும் கோபம் வருகிறது. புத்தளத்துக்கு மாற்றம் வரும் வரைக்கும் விடிய சுபஹுத் தொழுததும் ஸ்கூட்டரில் கிண்ணியாப் பாலம் தாண்டி உங்கள் வாசலுக்கு வந்தவள் நான். மழையிலும் வந்தேன். காய்ச்சலிலும் வந்தேன். அதெல்லாம் உங்கள் கணக்கில் இல்லை, எட்டு நிமிடம் மட்டும் இருக்கிறது.

அம்ரா


திருகோணமலை
01.06.2025

அம்ரா ரீச்சருக்கு,

'பத்திரம்'! இந்தச் சொல்லைப் பிறந்த நாளிலிருந்து கேட்கிறேன். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு நான் போகாதது பத்திரத்துக்காக. அலுவலகம் கட்டடம் மாறியபோது என் கதிரையை மாடியிலிருந்து இறக்கிக் கீழே கழிவறைக்குப் பக்கத்தில் போட்டதும் பத்திரத்துக்காகத்தான். என்னைக் கேட்காமல் எனக்காக முடிவெடுத்த எல்லாருமே நல்லவர்கள். நீங்கள் மட்டும் அந்தக் கூட்டத்தில் இல்லை என்று நினைத்திருந்தேன்.

வீதி மோசமா? "அக்கா, வீதி மோசம், மெதுவாப் போவம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் இழுத்திருப்பேனா? இழுத்திருப்பேன். சண்டை பிடித்திருப்போம், பிறகு ஒரு முடிவுக்கு வந்திருப்போம். ஓட்டத்தின் நடுவில் திட்டத்தை மாற்றுவது குற்றமில்லை. ஓடுகிறவளுக்குத் தெரியாமல் மாற்றுவதுதான் குற்றம்.

நீங்கள் மழையில் வந்ததை நான் மறக்கவில்லை. ஆனால் மழையில் வந்ததால் பொய் சொல்லும் உரிமை உங்களுக்கு வந்துவிடவில்லை.

இன்னொரு விசயம். இரண்டு நாளாக யோசித்தேன், கணக்குச் சரிவரவில்லை. என் பத்திரத்துக்காகப் பொய் சொன்னீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஓடி முடிந்தபிறகு உண்மையைச் சொல்லியிருக்கலாமே? "அக்கா, நான்தான் மெதுவாக் கூட்டி வந்தனான்" என்று சொன்னால் என்ன? ஏன் என் காலில் பழியைப் போட்டீர்கள்? விழுந்தது என் கால் இல்லையென்றால், விழுந்தது எது?

இந்த வருடம் எனக்கு வேறு வழிகாட்டி. தபாற்கந்தோரில் வேலை செய்யும் லக்சனா சம்மதித்திருக்கிறாள். படிவத்தில் உங்கள் பெயரை வெட்டச் சொல்லிவிட்டேன்.

பா. ஜெனிதா


கிண்ணியா
10.06.2025

ஜெனிதா அக்காவுக்கு,

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் உங்கள் வீட்டுக்கு வந்தேன். அம்மா வட்டிலப்பத்தை வாங்கிக்கொண்டு, "அவ படுத்திருக்கிறா மகள்" என்றார். நீங்கள் படுத்திருக்கவில்லை. உள்ளே உங்கள் கணினி வேகமாக எதையோ வாசிக்கும் சத்தம் கேட்டது. நான் கேற்றைச் சாத்தியதும் அந்தச் சத்தம் நின்றது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது உங்கள் கடைசிக் கேள்வியையே நினைத்துக்கொண்டு வந்தேன். நாளைக்குப் புத்தளம் போக வேண்டும். போக முதல் சொல்லிவிடுகிறேன்.

விழுந்தது நான், அக்கா.

வீதி மோசம் என்பது உண்மை. ஆனால் அதற்காக நான் பொய் சொல்லவில்லை. முதல் கிலோமீட்டரிலேயே எனக்கு மூச்சு முட்டியது. நீங்கள் என் கையை முன்னால் இழுத்துக்கொண்டு போனீர்கள். என்னால் பிடிக்க ஏலவில்லை. முதலாவது கிலோமீட்டர்ப் பலகையில் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஏழு முப்பத்திரண்டு. வாயில் 'ஏழு ஐந்து' என்று வந்தது. நீங்கள் "அப்பிடியோ? சரி" என்று இழுப்பதை விட்டீர்கள். எனக்கு மூச்சு வந்தது. அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை.

புத்தளத்தில் தினமும் ஓடுகிறேன் என்று உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேனே, ஓடவில்லை. வந்த புதிதில் இரண்டு நாள் ஓடினேன். போர்டிங் வீட்டுக்காரி, "ரீச்சர், விடியச் சாமம் பொம்புளப் புள்ள ரோட்டுல ஓடினா ஊர் என்ன கதைக்கும்?" என்றா. மூன்றாம் நாள் எழும்பவில்லை. அதற்குப் பிறகும் எழும்பவில்லை. விளையாட்டு ஆசிரியை என்று சம்பளம் எடுக்கிற எனக்கு, கதிரையில் இருந்து வேலை செய்கிற உங்களோடு ஓட ஏலாமல் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? சொன்னால் நீங்கள் வேறு ஆளைத் தேடுவீர்கள். அதுதான் பயம்.

பதினாறாவதில் எனக்கு விளங்கியது, முடிவில் கடிகாரம் என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று. அதனால் உங்கள் காலைச் சொன்னேன். நான் செய்ததில் மிகக் கேவலமானது அது. நீங்கள் மாத்திரை விழுங்கியதும் அந்தச் சொல்லால்தான்.

உங்களைப் பற்றிய ஒரு உண்மையையும் சொல்கிறேன். அந்த இருபத்தொரு கிலோமீட்டரிலும் நீங்கள் வாய் மூடவில்லை. உங்கள் அலுவலகத்தில் யார் யாரோடு கதைப்பதில்லை என்று முழுக் கதையும் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். மூச்சு முட்டுகிறவளால் அது ஏலாது. போன வருடமே இரண்டரை மணிக்குள் நீங்கள் முடித்திருப்பீர்கள். லக்சனாவோடு முடிப்பீர்கள்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

அம்ரா


திருகோணமலை
17.06.2025

அம்ரா,

உன் கடிதத்தை மூன்று தடவை வாசிக்கவிட்டுக் கேட்டேன். முதல் தடவை கணினியை மூடி எறியவேண்டும் போல் இருந்தது. இரண்டாம் தடவை அழுதேன். உனக்காக என்று நினைக்காதே, என் கால்களுக்காக அழுதேன். ஒரு வருடமாக இந்த இரண்டையும் நான் திட்டாத திட்டு இல்லை. மூன்றாம் தடவைக்குப் பிறகு எழும்பிப் போய் மாத்திரைப் போத்தலைக் குப்பையில் போட்டேன்.

என் கோபம் ஆறவில்லை. ஆறிவிட்டது என்று எழுதினால் அது உன் 'ஏழு ஐந்து' மாதிரி ஒரு பொய்யாக இருக்கும். குரலை வைத்தே ஆளைப் பிடிப்பவள் என்று அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. லீவு எடுக்கப் பொய் சொல்கிறவன் 'ஹலோ' சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட என் காதுக்குள் ஒரு முழத் தூரத்திலிருந்து பதினாறு பொய்யைப் போட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் போனது ஏனென்றால், உன் குரலை நான் சோதித்துப் பார்ப்பதில்லை. அந்த இடத்தில்தான் நீ கை வைத்தாய்.

இனி வேலைக் கதைக்கு வருகிறேன். லக்சனா கெட்டிக்காரி, ஆனால் பதினொரு கிலோமீட்டருக்கு மேல் அவள் ஒருநாளும் ஓடியதில்லை. திரும்பும் இடத்தில் வழிகாட்டியை மாற்றலாம் என்று ஏற்பாட்டாளர்கள் சொல்லிவிட்டார்கள். முதல் பாதிக்கு ஒரு ஆள் தேவை. மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவருக்கு அன்றைக்குக் கல்யாண வீடாம். ஒருத்தி, "உங்களக் கூட்டிக்கொண்டு நடக்கவெண்டால் வாறன்" என்கிறாள். ஜக்சனுக்குத் துறைமுகத்தில் ஏணியிலிருந்து விழுந்த முழங்கால் இன்னும் சரிவரவில்லை.

நீ வா. மன்னித்துக் கூப்பிடவில்லை, ஆள் இல்லாமல் கூப்பிடுகிறேன். போனை நான் இடுப்பில் கட்டுவேன், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது சத்தமாக நேரம் சொல்லும். நீ குழியையும் திருப்பத்தையும் தண்ணீர் மேசையையும் மட்டும் சொன்னால் போதும். ஏலாமல் வந்தால் ஏலாது என்று வாயால் சொல்ல வேண்டும்.

வேகத்தை நான் தீர்மானித்துவிட்டேன். முதல் பாதி கிலோமீட்டருக்கு ஆறு ஐம்பது. இரண்டாம் பாதி ஏழு இருபது. ஏழு மணிக்குப் பிறகு வெயில் முதுகில் ஏறும், அதற்கு முதல் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொள்வேன்.

ஜெனிதா


புத்தளம்
20.06.2025

அன்பின் அக்கா,

வருகிறேன். நேற்றும் இன்றும் உப்பளத்து வீதியில் ஓடினேன். வீட்டுக்காரி கதவடியில் நின்று பார்த்தா. பார்க்கட்டும். ஒரு மாதத்தில் பத்து கிலோமீட்டர் வேகமாக ஓடும் நிலைக்கு வருவேனா தெரியாது. தெரியாது என்பதையும் இப்போதே எழுதிவிடுகிறேன்.

ஆனால் உங்கள் திட்டம் பிழை. கோபிக்க வேண்டாம். கோபித்தாலும் பரவாயில்லை, சொல்லத்தான் வேண்டும். போன வருடம் சொல்லாமல் விட்டதால்தானே இவ்வளவும்.

ஆறு ஐம்பதில் போனால் திரும்பும் இடம் வரைக்கும் சுகமாக இருக்கும். அந்தச் சுகம் ஏமாற்றும். பதினெட்டாவது கிலோமீட்டருக்குப் பிறகு உவர்மலை இருக்கிறது. சனிக்கிழமைகளில் நீங்கள் அதை ஏறும்போது கால் புதுக்கால். பதினெட்டு ஓடிவிட்டு ஏறுவது வேறு. தொடக்கத்தில் ஏழு பத்து, நடுவில் ஏழு ஐந்து, மலைக்கு ஏழரை, இறக்கத்தில் விட்டுப் பிடித்தால் இரண்டரைக்குள் வரும். முதலில் சேமித்து வைக்கும் நிமிடத்தை மலை இரண்டு மடங்காகப் பிடுங்கும்.

அம்ரா


திருகோணமலை
24.06.2025

அம்ரா,

வாசித்தேன். நீ சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் போன வருடம் என்னை மெதுவாக ஓட்டிய ஆள், இந்த வருடமும் மெதுவாக ஓடு என்று எழுதினால் நான் என்ன நினைப்பது? உனக்கு ஏலாது என்பதற்காகச் சொல்கிறாயா, எனக்கு ஏலாது என்பதற்காகச் சொல்கிறாயா என்று பிரித்துப் பார்க்க எனக்கு வழியில்லை. இந்த வழியை அடைத்தது நீதான்.

ஆறு ஐம்பது. ஜூலை இருபது, விடிய ஐந்து மணிக்குக் கடற்கரை வாசலில் நில்.

ஜெனிதா


திருகோணமலை
22.07.2025

அம்ரா,

ஏனடி நிற்காமல் போனாய்?

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் "அம்ரா எங்க?" என்று கேட்டேன். "அவ இங்க வந்தவ, நீ வர முதல் அழுதுகொண்டு ஓட்டோவில ஏறிக் கிண்ணியா பஸ்ஸுக்குப் போயிட்டா" என்று அம்மா சொன்னா. இரண்டு நாளாக உன் போன் வேலை செய்யவில்லை. அதனால் மறுபடி எழுத்து. என்ன நடந்தது என்று கேட்காமலே ஓடுகிற பழக்கத்தை எங்கே பிடித்தாய்?

எட்டாவது கிலோமீட்டர் வரைக்கும் ஆறு ஐம்பது பிசகவில்லை. போனும் அதையே சொன்னது. பாலம் நெருங்கும்போது உன் பக்கத்துக் கயிறு தொய்ந்தது. "அக்கா, எனக்கு ஏலாது" என்றாய்.

உண்மையைச் சொல்லட்டுமா? அந்த இடத்தில் உன்னை அடிக்க வேண்டும் போல் இருந்தது. நானே கேட்டு வாங்கிய வார்த்தை அது. ஆனால் அது காதில் விழுந்தபோது, இன்னும் இரண்டரை கிலோமீட்டர் பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு "எவ்வளவு ஏலும்?" என்று கேட்டேன். "ஏழரை" என்றாய். ஏழரையில் போனோம். நீ வாயால் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. போன வருடமும் அதைக் கேட்டிருக்கிறேன். காற்று என்று நினைத்திருக்கிறேன்.

திரும்பும் இடத்தில் லக்சனா கயிற்றை வாங்கிக்கொண்டாள். நீ சரளைக் கல்லில் தொப்பென்று இருந்த சத்தம்தான் உன்னிடமிருந்து நான் கடைசியாகக் கேட்டது. பிறகு நடந்ததைக் கேள்.

ஏழு பதின்மூன்றில் நகரம் வரைக்கும் வந்தேன். இரண்டரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உவர்மலை தொடங்கியது. அம்ரா, என் தொடை இரண்டும் ஈரச் சாக்கு மாதிரிப் போய்விட்டன. "அக்கா, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று லக்சனா கத்தினாள். "கொஞ்சமெண்டால் எவ்வளவு? அளவைச் சொல்லு!" என்று நானும் கத்தினேன். பாதி மலையில் நடந்தேன். ஓம், நடந்தேன். துறைமுகத்துப் பக்கம் இறங்கும்போதும் கால் வேகம் பிடிக்கவில்லை. இரண்டு மணி முப்பத்திரண்டு நிமிடம் நாற்பது வினாடி.

ஜக்சன் பெரிய நியாயவான் மாதிரிக் கணக்குப் பார்த்தான். உன்னோடு மெதுவாகப் போனதில் ஒரு நிமிடம் நாற்பது வினாடி போயிருக்கிறது. மீதி ஒரு நிமிடத்தை மலை தின்றிருக்கிறது. "அம்ராவாலதான் போச்சு" என்று தொடங்கினான். நான் விடவில்லை. நீ தளராமல் ஓடியிருந்தாலும் அந்த ஒரு நிமிடத்தால் எனக்குத் தவறியிருக்கும். நீ எழுதித் தந்தாய், நான் கேட்கவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. உன்மேல் கோபப்பட இருந்த ஒரு நல்ல காரணமும் என் கையால் கெட்டுப்போனது.

ஆனால் அந்த மலையில் போன் "எட்டு நிமிடம் முப்பத்தைந்து" என்று சொன்னபோது, அது என் எட்டு முப்பத்தைந்து என்று எனக்குத் தெரிந்தது. தளர்ந்தால் எப்படி இருக்கும் என்று இப்போதுதான் அறிகிறேன். போன வருடம் அது எனக்கு நடக்கவே இல்லை. இரண்டும் வேறு வேறு.

பரிசு கொடுக்கும் இடத்தில் இன்னொரு கூத்து. ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டு, 'விசேட தைரியக் கேடயம்' என்று ஒன்றை நீட்டினார்கள். சனம் எழும்பி நின்று கை தட்டியதாம். நான் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினேன். "பெண்கள் பிரிவில எனக்கு இருபத்தாறாம் இடம். இருபத்தாறாம் இடத்துக்குக் கேடயம் குடுக்கிறதெண்டால் எனக்கு முன்னால வந்த இருபத்தைஞ்சு பேருக்கும் குடுங்கோ" என்றேன். கேடயத்தை மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன். அம்மாவுக்குப் பெரிய வெட்கம். லக்சனா சிரித்துச் சிரித்துப் படியில் தடக்கினாள், நான்தான் அவளைப் பிடித்தேன்.

நீ நின்றிருக்க வேண்டும். அதற்கு நீ இல்லாததுதான் எனக்கு இப்போது எல்லாவற்றையும் விடப் பெரிய கோபம்.

அடுத்த ஓட்டம் செப்டெம்பர் கடைசி ஞாயிறு, மட்டக்களப்பில். அங்கே மலை இல்லை. ஆளை மாற்றி மாற்றிப் பிடித்து ஓட எனக்குப் பிடிக்கவில்லை, லக்சனாவுக்கும் இது தெரியும். இருபத்தொரு கிலோமீட்டருக்கும் ஒரே ஆள் வேண்டும். ஏலுமா என்று சொல். ஏலாதென்றால் அதையும் சொல்.

ஜெனிதா


புத்தளம்
02.08.2025

அன்பின் அக்கா,

பத்து நாள் பதில் எழுதாமல் விட்டதற்குக் காரணம், எழுதுவதற்கு ஒரு உண்மையான இலக்கம் கையில் இருக்கவில்லை.

இன்று காலை பன்னிரண்டு கிலோமீட்டர். வேகம் ஏழு இருபது. பதின்மூன்றாவது ஏலாமல் போய் நடந்துதான் வந்தேன். செப்டெம்பருக்குள் இருபத்தொன்று வருமா என்று எனக்குத் தெரியாது. நாளைக்குப் பதின்மூன்று பார்க்கிறேன்.

அம்ரா